என் முகத்துக்குக் கீழே பரிமளாவின் பெயர்

வேலூர் ரோட்டில் கல்லூரி நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையைக் கடக்கக் காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே, கல்லூரி வாசல் வளைவில், என் முகம் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

முகம் மட்டும் ஓர் ஆள் உயரம் இருக்கும். மூக்குத்திக் கல் டீ கிளாஸ் அளவுக்குத் தெரிந்தது. பின்னால் மலை, அதன் உச்சியில் யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த தீபம். இரண்டு மூலைகளிலும் தாளாளரும் முதல்வரும் கைகூப்பிச் சிரித்தார்கள். என் தலைக்கு மேலே சிவப்பில், 'எங்கள் சாதனை மாணவியை வாழ்த்தி மகிழ்கிறோம்'. கழுத்துக்குக் கீழே மஞ்சளில், 'சு. பரிமளா, முதுகலைப் படைப்பிலக்கியம், அடி அண்ணாமலை'.

என் பெயர் ஜெயந்தி. வீடு டவுனில், தேரடித் தெருவுக்குப் பின்னால். முதுகலைப் படைப்பிலக்கியம் என்பது மட்டும்தான் அதில் எனக்குப் பொருந்தியது. சாதனை என்று எதையும் நான் செய்திருக்கவில்லை. சரியாகச் சொன்னால், அந்தச் சாதனைக்கு நானும் முயன்று, கிடைக்காமல் போய் அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

காற்றில் பேனர் உப்பி அடங்கியது. என் கன்னமும் உப்பி அடங்கியது. புது ஃப்ளெக்ஸின் நெடி சாலையின் இந்தப் பக்கம்வரை வந்தது.

டீக்கடை அண்ணன் கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "இன்னாம்மா, கலக்கிட்ட போல. டீ சாப்ட்டுப் போ."

"அண்ணா, அது நான் இல்ல."

அவர் பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரொம்ப அடக்கமா இருக்க" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

அதன் பிறகு பல நாட்கள், நான் செய்யாத ஒன்றுக்காக இந்த ஊரில் வாழ்த்து வாங்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

டைப்ரைட்டிங்கா?

முதலில் அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு அந்த எம்.ஏ.வில் சேர்ந்தேன். கதை, கவிதை, நாடகம் எழுதுவதையே பாடமாகப் படிப்பது. நம் ஊரில் அப்படி ஒரு படிப்பு வந்திருக்கிறது என்பதை, காலையில் பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கும் துண்டு நோட்டீஸில்தான் பார்த்தேன். அந்த நோட்டீஸின் மறுபக்கத்தில் பிரியாணிக் கடைத் திறப்பு விழா.

வீட்டில் சொன்னேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, "எழுத்துன்னா? டைப்ரைட்டிங்கா?" என்றார்.

"கதை எழுதறதுப்பா."

"அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்?"

நியாயமான கேள்வி. 

உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தியில் பக்கத்து இலையில் இருந்த சித்தப்பா முறைக்காரர் ஒருவர், "முடிச்சா எங்க போஸ்டிங் போடுவாங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "டிவி சீரியலுக்கு எழுதப் போறா" என்றாள். நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவர் பரிமாறுபவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நானும் பேசாமல் வடையைத் தின்றேன்.

வகுப்பில் நாங்கள் நாலே பேர். ஒருவன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான், அதனால் வரமாட்டான். இன்னொருவன் யூடியூப் சேனல் வைத்திருந்தான், அதனால் வந்தாலும் கேட்கமாட்டான். மீதி நானும் பரிமளாவும்.

இரண்டு பலகைகள்

துறைத்தலைவர் தமிழ்ச்செல்வன் சார் நல்ல மனிதர். ஆனால் எப்போது பார்த்தாலும் யாரோ பின்னால் துரத்திக்கொண்டு வருவதைப் போன்ற முகம். சேர்க்கை கம்மி, இந்த வருடம் மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் மூடிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பாடம் நடத்துவார்.

துறை அறைக்கு வெளியே பச்சைத் துணி ஒட்டிய இரண்டு பலகைகளை மாட்டியிருந்தார். ஒன்றில் 'வாய்ப்புகள்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'சாதனைகள்'. இரண்டாவதில் குண்டூசிகள் மட்டும் ஒரு மூலையில் தயாராகக் குத்தி வைக்கப்பட்டிருந்தன.

வாய்ப்புகளுக்குக் குறைவே இல்லை. எழுதப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே வாய்ப்புக் கொடுத்தது. லாட்ஜ் முதலாளி ஒருவர் கிரிவலம் வருகிறவர்களுக்குக் கையேடு எழுதித் தரச் சொன்னார். அஷ்ட லிங்கங்களில் எதைப் பற்றி எழுதினாலும், அங்கிருந்து அவருடைய லாட்ஜுக்கு எப்படி வருவது என்று முடிக்க வேண்டும். ஒரு கட்சிக்காரர் தன் தலைவரின் பிறந்த நாளுக்கு வாழ்த்துக் கவிதை கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தலைவர் பெயரைவிடத் தன் பெயர் கம்மியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மஞ்சள் நீராட்டுப் பத்திரிகைக்கு நாலு வரி, புது மனைப்பிரிவுக்கு ஒரு நல்ல பெயர், கண்ணீர் அஞ்சலிக்கு எட்டு வரி.

மலைக்குத் தெற்கே வீடு பிடித்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், தனக்கு ஞானம் வந்த கதையைத் தமிழில் எழுதித் தர ஆள் தேடினார். போனேன். மூலிகை டீயைக் கொடுத்து உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தார். சில நாள் போய்க் கேட்டேன். ஞானம் வந்த இடத்துக்கு அவர் வந்துசேரவே இல்லை. விவாகரத்திலேயே நின்றுவிட்டார். சொல்லும்போதெல்லாம் அழுதார். நான் எழுதுவதா, டிஷ்யூ பேப்பர் எடுத்துக் கொடுப்பதா என்று தெரியாமல் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போவதை நிறுத்திக்கொண்டேன்.

"இதெல்லாமும் எழுத்துதாம்மா. அனுபவம்" என்பார் தமிழ்ச்செல்வன் சார்.

"அப்போ இத சாதனைப் பலகையில போடறீங்களா சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

உண்மையான வாய்ப்பு ஒன்று இரண்டாம் வருடத்தில் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ஒரு மலையூரில் இருக்கும் ஓர் அறக்கட்டளை, படைப்பிலக்கியம் படிக்கும் முதுகலை மாணவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் அங்கே தங்கவைக்கும். அறை, சாப்பாடு, மேசை. வேறு வேலை எதுவும் செய்ய வேண்டாம், எழுதினால் போதும். முடிக்கிற நாவலை அவர்களே புத்தகமாகப் போடுவார்கள்.

வேறு வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்ற வரியைப் பரிமளா திரும்பத் திரும்பப் படித்தாள்.

பின்னறை

பரிமளாவுக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். கல்யாணமாகி அடி அண்ணாமலையில் மாமியாரோடு இருந்தாள். கணவன் சுரேஷுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, வாரம் ஒருமுறை வந்து போவார்.

அவள் வீட்டில் ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பி.எட். படிப்பதாக மாமியார் நம்பிக்கொண்டிருந்தார். பொய்யை ஆரம்பித்தவர் சுரேஷ். "கதை எழுதப் படிக்கறேன்னு சொன்னா அம்மா ஒத்துக்காது. பி.எட்.னு சொல்லிக்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாராம். அந்த 'அப்புறம்' இரண்டு வருடமாக வரவில்லை.

துறைக்குப் பின்னால் பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய ஓர் அறை இருந்தது. அதில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் ஆளுக்கு முப்பது பக்கம் தயார் செய்தோம். விசிறி சுற்றாது. பேப்பர் கட்டிலிருந்து கரையான் மண் உதிர்ந்து சுடிதாரில் ஒட்டும்.

நான் எழுதியது ஒரு பள்ளி ஆசிரியையின் கதை. பரிமளா எழுதியது அவளுடைய மாமியாரை. கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகளில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி குளியலறையையும் கக்கூஸையும் வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அவளுடைய மாமியார் கஸ்தூரியம்மாவும் அப்படித்தான். ஒரு நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்து, எங்கெங்கிருந்தோ வருகிற சனங்களை வரிசைப்படுத்தி, தண்ணீர் கொடுத்து, திட்டி, அழுகிற குழந்தைகளை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அந்த வாசலிலேயே நடக்கும் நாவல்.

அவள் படித்துக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் முப்பது பக்கங்களும் திடீரென்று சப்பென்று ஆகிவிட்டன. இருந்தும் அனுப்பினேன். ஆசை யாரை விட்டது.

முடிவு ஒரு மதியம் வந்தது. இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த மின்னஞ்சல் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. பரிமளா தன் போனைப் பார்த்தாள். எலுமிச்சைச் சாதம் ஒட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு?" என்றாள்.

"இல்லபா."

அவள் கண் கலங்கியது. கிடைத்தவள் அழ, கிடைக்காதவள் சமாதானம் சொல்ல, சாப்பாடு அப்படியே காய்ந்தது. எனக்கு வருத்தப்பட நேரமே கிடைக்கவில்லை.

யார் முகம்?

தமிழ்ச்செல்வன் சார் ஓடி வந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. "குரூப்ல போடும்மா, உடனே போடு" என்றார். பரிமளா கல்லூரி குரூப் எதிலும் இல்லை. சாயங்காலமானால் அவள் போனில் மாமியார் சீரியல் பார்ப்பார், அதனால் மின்னஞ்சலைத் தவிரக் கல்லூரி சம்பந்தமான எதையும் அதில் வைத்துக்கொள்ளமாட்டாள். எனவே என் போனிலிருந்து, பரிமளாவுக்குக் கிடைத்திருக்கிறது என்று நான்தான் செய்தி போட்டேன்.

அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள், செய்தி வந்த எண்ணைத் தொட்டு, அதிலிருந்த முகப்புப் படத்தை எடுத்து, அப்படியே ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்.

பேனரைப் பார்த்த அன்றே அலுவலகத்துக்குப் போனேன். சூப்பரின்டென்டென்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஃப்ளெக்ஸ் ஒரு தடவ அடிச்சா அடிச்சதுதாம்மா."

"சார், பேரு ஒருத்தருது, போட்டோ ஒருத்தருது சார்."

"நீங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ்தான?"

முதல்வரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பேர மாத்திடலாமா? உங்க பேர ஸ்டிக்கர்ல அடிச்சு மேல ஒட்டிட்டா முடிஞ்சுது. முகத்த மாத்தறதுதான் கஷ்டம்" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. செலவு குறைந்த வழியாக அவருக்கு அது பட்டது. ஒரு நொடி, அந்த ஸ்டிக்கரில் என் பெயரை என்ன நிறத்தில் அடிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு, "வேணாம் சார்" என்று வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா அதற்குள் பேனரை ஆள் விட்டுப் படம் எடுத்து வரச் சொல்லி, ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். பரிமளா என்று எழுதியிருந்த பகுதியைப் பக்குவமாக வெட்டிவிட்டிருந்தாள்.

"அம்மா, அது எனக்குக் கெடச்சது இல்ல."

"போட்டோ உன்னுதுதான?"

"போட்டோ என்னுது."

"அப்புறம் இன்னா?"

அப்பா மட்டும் ராத்திரி சாப்பிடும்போது, "உனக்கு வரலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மோர் ஊற்றிக்கொண்டு எழுந்து போனார். நான் எழுதிவரும் இந்தத் தொடரில் அவருடைய பேச்சுக் குறைவைப் பற்றி முன்பும் புலம்பியிருக்கிறேன்.

பரிமளாவிடம் சொன்னபோது அவள் பேனரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வுட்டுடுபா. என் மூஞ்சி இல்லாததே நல்லதாப் போச்சு. அத்த கண்ணுல படாது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் பேரு, உன் ஊரு, எல்லாம் இருக்குதே. ஒரு மாசம் எங்க போறன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"அவரு பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

நான் நேராகப் போய் டீ குடித்தேன். டீக்கடை அண்ணன் காசு வாங்க மறுத்தார்.

"அப்புறம் எதுக்குப் போகணும்?"

கல்லூரி அனுமதிக் கடிதம் இல்லாமல் அறக்கட்டளை சேர்க்காது. பரிமளாவுக்கு வருகைப் பதிவு குறைந்துபோகும் என்று முதல்வர் கையெழுத்துப் போட மறுத்தார். தமிழ்ச்செல்வன் சாரும் நாங்களும் அவர் எதிரில் நின்றோம்.

"பேனர்தான் வெச்சாச்சே சார், அப்புறம் எதுக்குப் போகணும்?" என்றார் முதல்வர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் சாதனை என்பது வாசலில் கட்டி முடித்த ஒரு துணி. அதற்குள் ஒருத்தி இருக்கிறாள், அவள் இனிமேல்தான் எழுத வேண்டும் என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது.

கடைசியில் பாடத்திட்டத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தவர் தமிழ்ச்செல்வன் சார். படிப்பில் 'களப்பயிற்சி' என்று ஒன்று இருந்தது. யாரும் அதுவரை செய்ததில்லை. "இத களப்பயிற்சின்னு போட்டுக்கலாம் சார். இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்டா காட்டலாம்." இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் முதல்வர் பேனாவைத் திறந்தார்.

ஒரு தடை நீங்கியது என்று மூச்சு விட்டோம். அது திங்கட்கிழமை.

"நீதான் பரிமளாவா?"

திங்கட்கிழமைகளில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். தெருச் சாக்கடை வீட்டுப் பக்கம் வழிகிறது என்று மனுக் கொடுக்கக் கஸ்தூரியம்மா வந்திருக்கிறார். வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும், "உன் பேர்லயே ஒரு பொண்ணு நம்ம ஊர்ல இருக்குதா?" என்று கேட்டாராம். பரிமளா இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றிருக்கிறாள். அவர் அதோடு விட்டுவிட்டுச் சீரியல் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் நான் துறையில் இருந்தேன். சார் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். பரிமளா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. கட்டையான, உரமான ஒரு பெண்மணி, கையில் மஞ்சப்பை, நெற்றியில் வியர்வையில் கலைந்த குங்குமம். காவலாளி பின்னாலேயே ஓடி வந்து, நிறுத்த முடியவில்லை என்பதைப் போலக் கையை விரித்தார்.

அவர் நேராக என் எதிரில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"நீதான் பரிமளாவா?"

யாரும் சொல்லாமலே அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆமாம் என்றால் அவர் திரும்பிப் போய்விடுவார். பரிமளாவின் பொய் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். இல்லை என்றால் எல்லாம் அங்கேயே உடையும். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான்தான் அத்த."

பரிமளா கதவருகே நின்றிருந்தாள். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில். ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கஸ்தூரியம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப வாசல்ல தொங்கறது யாரு?"

"அது நான்மா. தப்பா போட்டுட்டாங்க" என்றேன்.

"ஒரு மூஞ்சிய ஒழுங்காப் போடத் தெரியாத எடத்துலயாடி ரெண்டு வருசமாப் படிக்கிற?"

சார் எழுந்து, "உக்காருங்கம்மா" என்றார். அவர் உட்காரவில்லை.

"பி.எட்.னு சொன்னியே. நம்ம ஊரு ஸ்கூல்ல கரஸ்பாண்டன்ட்டாண்ட சொல்லி வெச்சிருக்கேனே. முடிச்சதும் அனுப்புங்கன்னு சொன்னாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்தத் தெருவுல நடப்பேன்?"

"அவருதான் அத்த அப்டிச் சொல்லச் சொன்னாரு."

கஸ்தூரியம்மா மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு பழைய பட்டன் போனை எடுத்து மகனுக்குப் போட்டார். சுரேஷின் குரல் மிஷின் இரைச்சலுக்கு நடுவே கேட்டது. "அம்மா, நான் ஷிஃப்ட்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டார். அவருடைய 'அப்புறம்' எப்படிப்பட்டது என்பதை அன்று நேரிலேயே கேட்டேன்.

அந்த நேரத்தில் தமிழ்ச்செல்வன் சார் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார். "கோவப்படாதீங்கம்மா. பரிமளா ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. உங்களப் பத்திதான் எழுதியிருக்காங்க."

பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சாரின் மேசையை அப்படியே தூக்கி வெளியே போடலாம்போல இருந்தது.

"என்னப் பத்தியா? என்னப் பத்தி இன்னா எழுதற?"

பரிமளா பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"படி" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தார்.

பரிமளா படித்தாள். முதலில் வேகவேகமாகப் படித்தாள். கூட்டம் வருகிற இடம், ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையை மீறி ஓடி வருகிற இடம், நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குடிகாரனை மாமியார் விரட்டுகிற இடம். போகப்போக நிதானமானாள். கஸ்தூரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்தார்.

"நான் இவ்ளோ கத்தறனா?"

"ஆமா அத்த."

மீண்டும் தரையைப் பார்த்தார். பரிமளா படித்து முடித்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பி.சி.ஏ. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள்.

"அவரு வர்றாரா இதுல?" என்று கேட்டார் கஸ்தூரியம்மா. இறந்துபோன தன் கணவரைத்தான் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வருவாரு அத்த. இனிமேதான் எழுதணும்."

"அவர நல்லவரா எழுதித் தொலைக்காத."

பரிமளா நிமிர்ந்து பார்த்தாள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் வந்த வியர்வை என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பிறகு அவர் வீட்டுக் குரலுக்கு வந்துவிட்டார். பொய் சொன்னது சொன்னதுதான், அதை மறக்கமாட்டேன் என்றார். கரஸ்பாண்டன்ட்டிடம் சுரேஷே வந்து பேச வேண்டும் என்றார். பரிமளா ஒரு மாதம் மலையூரில் தங்கி எழுதப்போவதைச் சார் சொன்னதும் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அந்த மாசத்துல பௌர்ணமி வருதே. கூட்டத்த யாரு பாப்பா? நான் ஒருத்தி எத்தினி பக்கம் ஓடுவேன்?"

பரிமளா என்னைப் பார்த்தாள். சார் என்னைப் பார்த்தார். கஸ்தூரியம்மா ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ண அனுப்பு" என்றார்.

நான் பரிசு வாங்கவில்லை. புத்தகம் வரப்போவதில்லை. மலையூரில் மேசை இல்லை. எனக்குக் கிடைத்தது இதுதான்.

பிறகு நடந்தவை

பரிமளா போனாள். பஸ் ஏற்ற நானும் சாரும் போனோம். சுரேஷ் வரவில்லை, ஷிஃப்ட். கஸ்தூரியம்மா ஒரு டப்பா நிறைய வேர்க்கடலை உருண்டை கொடுத்தனுப்பியிருந்தார், ஆனால் பஸ் நிலையத்துக்கு வரவில்லை.

ஒரு மாதத்தில் நாவலை முடித்துவிட்டுத்தான் வந்தாள். புத்தகமாக வர ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. இப்போது அவளுக்கு ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இரண்டாவது நாவலைத் தொடங்கி நிறுத்தி, மீண்டும் தொடங்கியிருக்கிறாள். கரஸ்பாண்டன்ட்டிடம் சுரேஷ் இன்னும் பேசவில்லை.

எங்கள் படிப்பை அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். பச்சைப் பலகைகளில் இப்போது பி.சி.ஏ. கால அட்டவணை. தமிழ்ச்செல்வன் சார் பொதுத்தமிழ் எடுக்கிறார். இப்போது அவர் முகத்தில் அந்தத் துரத்தல் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். விளம்பரங்களுக்கு, சில சமயம் கதைகள், இப்போது இந்தத் தொடர். அடுத்த வருடமும் அந்த அறக்கட்டளைக்கு எழுதலாம் என்று பார்த்தேன். மாணவர்களுக்கு மட்டும்தானாம்.

பௌர்ணமி

சொன்னபடி, பரிமளா மலையூரில் இருந்த அந்த மாதப் பௌர்ணமிக்கு அடி அண்ணாமலைக்குப் போனேன்.

வெயில் இறங்குவதற்குள் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. பாதையெங்கும் செருப்பில்லாத கால்கள். சாம்பிராணிப் புகை, வறுத்த சோளம், மாட்டுச் சாணம், பினாயில் எல்லாம் சேர்ந்த வாடை. கஸ்தூரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு மொண்டு பக்கெட்டை நிரப்பினேன். சுடிதார் முழங்கால்வரை நனைந்துவிட்டது. ஒரு குடும்பம் உள்ளே போய் வெளியே வராமல் இருந்தது, வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். கஸ்தூரியம்மா அவர்களைத் திட்டினார். பரிமளா எழுதியிருந்ததைவிடச் சத்தமாகவே கத்தினார்.

கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நீயும் அதேதான படிக்கிற?"

"ஆமாம்மா."

"நீ ஏன் போகல?"

எல்லோரும் வாழ்த்தினார்கள். சிலர் பாராட்டினார்கள். அம்மாவுக்குப் போட்டோ போதுமாக இருந்தது. இந்தக் கேள்வியை வேறு யாரும் இப்படிக் கேட்கவில்லை.

"கெடைக்கலமா."

"கேட்டியா?"

"கேட்டேன். முப்பது பக்கம் எழுதி அனுப்பினேன்."

"நல்லா எழுதலையா?"

சொல்லச் சங்கடமாக இருந்தது. "பரிமளா அளவுக்கு இல்லமா."

அவர் என்னைப் பார்த்தார். பாவம் என்று சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அடுத்த முறை கிடைக்கும் என்று சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

"ம்" என்றார். பிறகு பாதைப் பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"அந்த பக்கெட்ட நகத்து. வழியில வெச்சிருக்க பாரு."

நகர்த்தினேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் மனம் லேசாக இருந்தது.